மும்பை வீட்டு ஸ்டீரியோவுக்கு ஒயரும் கேபிளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது செம்பூரில். சனிக்கிழமை லேமிங்டன் ரோடு பக்கம் போகிறேன் என்று வாய் தவறிச் சொன்னால் போதும், "அப்படியே ஒரு ஸ்பீக்கர் ஒயர்" என்று நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். வாங்கி வருவதில் எனக்குச் சிரமமில்லை. எந்த ஒயர், ஏன் அந்த ஒயர் என்று லிஃப்டிலும் மாட்டுங்கா மார்க்கெட்டிலும் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகள் இருக்கின்றன.

ஸ்பீக்கர் ஒயர், ஆர்சிஏ கேபிள்னு ரெண்டு சொல்றீங்க. ரெண்டும் ஒயர்தானே?

இரண்டிலும் செம்புதான், ஆனால் வேலை வேறு. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரில் நல்ல கரண்ட் ஓடும், அதனால் தடிமன்தான் முக்கியம். டிவி, சிடி பிளேயர், போன் இவற்றிலிருந்து ஆம்ப்புக்கு வரும் ஆர்சிஏ கேபிளில் கரண்ட் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வோல்ட் சிக்னல், அவ்வளவுதான். அதற்குத் தடிமன் வேண்டாம், வெளியிலிருந்து இரைச்சல் உள்ளே வராமல் சுற்றி ஒரு வலை வேண்டும். உள்ளே ஒரு மெல்லிய கம்பி, அதைச் சுற்றிச் செம்பு வலை, மேலே உறை: இதுதான் ஆர்சிஏ கேபிள்.

ஒன்றை மற்றதன் இடத்தில் போடக்கூடாது. ஸ்பீக்கர் ஒயரை வெட்டி ஆர்சிஏ பின் பற்றவைத்து "மிச்சம் பிடித்தேன்" என்றார் ஒருவர். அவர் வீட்டு ஸ்பீக்கரில் ஃபிரிட்ஜ் ஆன் ஆவதும் ஆஃப் ஆவதும் 'டப் டப்' என்று கேட்டது.

சார், நம்ம 1 பிஹெச்கே ஹாலுக்கு எவ்வளவு தடிமன் வேணும்? கடைக்காரன் 4 ஸ்கொயர் எம்எம் எடுங்கறான்.

1.5 போதும். ஏன் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுவிட்டால் பிறகு எந்தக் கடைக்காரரும் உங்களை அசைக்க முடியாது. ஒரு சதுர மி.மீ. செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு 0.0172 ஓம் தடை கொடுக்கும். ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் 5 மீட்டர் என்றால் கரண்ட் போய்த் திரும்பி வர வேண்டும், ஆக 10 மீட்டர். 1.5 சதுர மி.மீ. ஒயரில் அது 0.115 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். ஒயரின் தடை ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஆடியோக்காரர்கள் வைத்திருக்கும் வாய்ப்பாடு. 8 ஓமுக்கு 0.4 வரை போகலாம், 4 ஓமுக்கு 0.2. நாம் இரண்டிலும் எல்லைக்குள் இருக்கிறோம்.

1.5 ஒயரால் குறையும் சத்தம் சுமார் 0.12 டெசிபெல். 4 சதுர மி.மீ. போட்டால் 0.05. ஒரு முழு டெசிபெல் வித்தியாசமே கூர்ந்து கேட்டால்தான் பிடிபடும், இந்த 0.07-ஐ எந்தக் காது கண்டுபிடிக்கும்? மும்பையில் ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 10 மீட்டர் இடம் இருக்கிற வீடு வைத்திருப்பவர் என்னிடம் ஒயர் வாங்கிவரச் சொல்லப் போவதில்லை. அப்படி யாராவது இருந்தால், அல்லது 4 ஓம் ஸ்பீக்கருக்கு 8 மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டுமென்றால், 2.5 எடுங்கள்.

கடையில "தேயீஸ் சத்தீஸ்", "சாலீஸ் சத்தீஸ்"னு என்னமோ சொல்றாங்க. ஒண்ணும் புரியல.

பழைய கணக்கு அது, இந்தியில் 23-36, 40-36 என்கிறார்கள். 23/36 என்றால் 36-ஆம் நம்பர் மெல்லிய கம்பிகள் 23 சேர்த்து முறுக்கியது. அந்த நம்பர் கம்பி ஒன்றின் குறுக்களவு 0.193 மி.மீ. கூட்டிப் பார்த்தால் 23/36 சுமார் 0.67 சதுர மி.மீ., 40/36 சுமார் 1.17. ஷெல்ஃபில் வைக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு மூன்று மீட்டர் தூரம்தான் என்றால் 40/36 தாராளம். 14/36 என்று ஒன்று தருவார்கள், 0.4தான் வரும். அதை வாங்காதீர்கள்.

வெளிநாட்டு பாக்கெட்டில் ஏடபிள்யூஜி என்று போட்டிருக்கும். அதில் நம்பர் ஏற ஏற ஒயர் மெலியும்: 18 என்றால் 0.8 சதுர மி.மீ., 16 என்றால் 1.3, 14 என்றால் 2.1. "16ஐ விட 18 பெரிசுதானே" என்று வாங்கி வந்தவர்கள் எங்கள் பில்டிங்கிலேயே இரண்டு பேர்.

வீட்டு கரண்ட் ஒயரையே ஸ்பீக்கருக்குப் போடலாமா? சிரிக்காதீங்க.

சிரிக்கவில்லை, நான் பல வீடுகளில் அதைத்தான் போட்டிருக்கிறேன். ஃபினோலெக்ஸ், பாலிகேப், ஹேவல்ஸ் மாதிரி கம்பெனிகளின் 1.5 ஒயர் 90 மீட்டர் காயிலாக வருகிறது. ஐஎஸ் 694 என்ற இந்தியத் தர முத்திரை இருந்தால் உள்ளே செம்பு எவ்வளவு என்பதற்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. "ஆடியோ கிரேடு" என்று அச்சடித்த பாதி ஒயர்களுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. இரண்டு நிறம் வாங்கி, ட்ரில் மெஷினில் ஒரு முனையை மாட்டி முறுக்கிவிட்டால் ஸ்பீக்கர் ஒயர் தயார். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், வளைவில் அடங்காது. அது ஒன்றுதான் குறை.

ஒரே ஒரு எச்சரிக்கை. பார்க்க கரண்ட் ஒயர் போலவே இருப்பதால் பிறகு வரும் எலக்ட்ரீஷியனோ வீட்டுக் குழந்தையோ ஏமாறக்கூடாது. இரண்டு முனையிலும் 'ஸ்பீக்கர்' என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். 230 வோல்ட் ஒயர் போகும் அதே பைப்பில் இதை நுழைக்காதீர்கள்.

ஆன்லைன்ல 100 மீட்டர் ரொம்ப சல்லிசா வருதே, வாங்கலாமா அண்ணா?

அது பெரும்பாலும் சிசிஏவாக இருக்கும். உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. விளம்பரத்தில் 'காப்பர்' என்ற வார்த்தை பெரிதாக இருக்கும், மீதி பொடி எழுத்தில். அதே தடிமனுள்ள செம்பை விட இதற்குத் தடை ஒன்றரை மடங்கு. அதனால் மட்டும் கெட்டுப்போகாது, ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் கணக்கு நேராகிவிடும். மெலிதாக எடுத்து, நீளமாக இழுத்தால்தான் தொல்லை. இரண்டு மூன்று முறை வளைத்தால் கம்பிகள் பொட்டுப் பொட்டென்று உடையும், இணைப்பும் சீக்கிரம் தளரும்.

நானே ஏமாந்தவன்தான். ஒரு ஸ்டேஷன் வாசல் கடையில் "பியூர் காப்பர்" என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டினேன், உள்ளே வெள்ளை. பில் கிடையாது, திரும்பப் போகவும் மனசு வரவில்லை. அதிலிருந்து கடையிலேயே சுரண்டிப் பார்க்கிறேன். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவே பதில்.

முழு காயில் வாங்குகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 90 மீட்டர் 1.5 செம்பு ஒயரின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 1.2 ஓமுக்குள் காட்ட வேண்டும். முதலில் மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட வைத்து, அது காட்டுவதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சுரண்டிப் பார்த்தேன், வெள்ளையா இருக்கு. ஏமாந்துட்டேனா?

வெள்ளை மேலேயா உள்ளேயா என்று பாருங்கள். மேலே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு. கடலோர ஊருக்கு அதுதான் நல்லது, சீக்கிரம் பச்சை பிடிக்காது. மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் போன கேள்விக்குப் போய்விடுங்கள்.

"ஆக்ஸிஜன் இல்லாத காப்பர், 99.99%"னு போட்டிருக்கு. அதுக்குக் கூடக் கொடுக்கணுமா?

வேண்டாம். சாதாரண எலக்ட்ரிகல் செம்பே 99.9 சதவீதம் சுத்தம். மின்சாரம் கடத்துவதில் இரண்டுக்கும் ஒரு சதவீத அளவுதான் வித்தியாசம். அதே பணத்துக்கு இன்னும் 10 சென்டிமீட்டர் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்தால் அதைவிட லாபம்.

சிவப்பு, கறுப்பு மாத்திட்டா ஸ்பீக்கர் போயிடுமா மாமா?

போகாது. இரண்டு ஸ்பீக்கரிலும் மாறியிருந்தால் தெரியவே தெரியாது. ஒன்றில் மட்டும் மாறினால்தான் வினை: ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், பேஸ் காணாமல் போகும், நடுவில் நிற்க வேண்டிய பாடகர் குரல் அறை முழுக்கச் சிதறும். "புது ஸ்பீக்கர், பேஸே இல்லை" என்று கூப்பிட்டவர் வீட்டில் ஒரு பக்க ஒயரை மாற்றிப் போட்டுவிட்டு டீ குடித்து வந்திருக்கிறேன்.

ஒயரில் எது எது என்று தெரியாவிட்டால் உறையில் ஒரு கோடோ மேடோ இருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். ஸ்பீக்கரிலேயே குறி அழிந்திருந்தால், ஆம்ப்பைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட வைக்கவும். கூம்பு முன்னால் வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட இடம்தான் பிளஸ்.

ரெண்டு ஸ்பீக்கருக்கும் ஒயர் ஒரே நீளமா இருக்கணுமாமே?

ஒரு பக்கம் 2 மீட்டர், மறு பக்கம் 5 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். தடையில் வித்தியாசம் 0.07 ஓம். நேரத்தில் வித்தியாசம் ஒரு நொடியைக் கோடி பாகமாக வெட்டினால் அதில் ஒரு துணுக்கு. மிச்ச ஒயரை ஸ்பீக்கர் பின்னால் சுருட்டி வைத்து ஒட்டடை சேர்ப்பதைவிட வெட்டிவிடலாம். ஆனால் ஒட்ட வெட்டாதீர்கள், அரை மீட்டர் உபரி விடுங்கள். எதற்கென்று மழைக்காலக் கேள்வியில் வரும்.

பனானா பிளக் அவசியமா?

ஒலிக்காக இல்லை, ஆம்ப்பின் உயிருக்காக. வெறும் ஒயரை முறுக்கி நுழைக்கும்போது ஒரு மயிரிழைக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துத் திருகைத் தொட்டால் ஷார்ட். பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத பழைய ஆம்ப் என்றால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். அடிக்கடி ஆம்ப்பை நகர்த்துகிறவர்கள் 4 மி.மீ. பனானா பிளக் போடலாம், ஸ்க்ரூ வைத்து இறுக்கும் வகையாகப் பாருங்கள்.

நகர்த்தவே மாட்டேன் என்றால் எலக்ட்ரிகல் கடையில் பின் லக் கேளுங்கள். ஒயர் நுனியில் மாட்டி நசுக்கிவிடும் சின்னக் குழாய், விலை சில ரூபாய். நுனியில் சோல்டர் உருக்கிவிட்டு ஸ்க்ரூவில் இறுக்குவதை மட்டும் செய்யாதீர்கள். சோல்டர் மெதுவாக அமுங்கிக்கொடுத்து, சில மாதத்தில் இறுக்கம் தளரும்.

ரெண்டு மழைக்காலம் போச்சு. ஒயர் நுனி பச்சை ஆயிடுச்சு, ஒரு பக்கம் சத்தமும் கரகரங்குது.

நான் எழுத நினைத்ததே இதுதான். இந்த ஊரில் ஒயர் கெடுவதில்லை, ஒயரின் நுனி கெடுகிறது. உப்புக் காற்று, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஈரம். வெளியே தெரியும் செம்பு முதலில் கறுக்கும், பிறகு பச்சை பூக்கும். பச்சை மின்சாரத்தை ஒழுங்காகக் கடத்தாது. 1.5 ஒயரில் 0.115 ஓம் என்று மேலே கணக்குப் போட்டோமே, ஒரு பச்சை பிடித்த நுனி அதைவிடப் பல மடங்கு தடையைத் தனியாகக் கொடுக்கும். அதுவும் நிலையாக இல்லாமல் தட்டினால் ஒரு மாதிரி, விட்டால் ஒரு மாதிரி. கரகரப்பு அதுதான். இதற்கு விலை உயர்ந்த ஒயர் மருந்தில்லை, அதன் நுனியும் இதே காற்றைத்தான் சுவாசிக்கிறது.

செய்ய வேண்டியது: ஆம்ப்பை அணைத்துவிட்டு, பச்சை முடியும் இடம் வரை நுனியை வெட்டி எறிந்து, புதிதாக ஒரு சென்டிமீட்டர் உரித்து, பளபளப்பான செம்பை முறுக்கி இறுக்குங்கள். அரை மீட்டர் உபரி இதற்குத்தான். ஸ்ப்ரிங் கிளிப் உள்ள ஸ்பீக்கர் என்றால் கிளிப்பின் உலோகத்தையும் காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். ஆர்சிஏ பின்களைச் சொருகியபடியே ஐந்தாறு தடவை திருகி எடுத்துச் சொருகினாலே பாதி அழுக்கு போய்விடும். நான் இதை வருஷம் ஒரு முறை, மழை ஓய்ந்ததும், கொலுவுக்கு இடம் ஒதுக்கும் சாக்கில் செய்வேன்.

கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் உறை போட்ட ஒயரில் நீளம் முழுக்கப் பச்சை தெரிகிறதே என்றும் கேட்பார்கள். செம்பின் மேல்தோல் நிறம் அது, உள்ளே செம்பு செம்பாகத்தான் இருக்கிறது. நுனி மட்டும் சுத்தமாக இருக்கட்டும்.

ஆம்ப் போட்டாலே 'ம்ம்ம்'னு ஒரு உறுமல். நல்ல கேபிள் வாங்கினா போயிடுமா?

பக்கத்து பிளாக் மாமா ஒருவர் ஆறு மாதம் இந்த உறுமலோடு கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தார், தம்புரா என்று நினைத்து. பாட்டு முடிந்தும் தம்புரா நிற்காதபோதுதான் சந்தேகம் வந்தது. அது வீட்டுக் கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ்.

முதலில் ஆர்சிஏ கேபிள்களை எல்லாம் ஆம்ப்பிலிருந்து பிடுங்குங்கள். உறுமல் இன்னும் இருந்தால் கோளாறு ஆம்ப்பில், மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகச் சொருகி எதில் திரும்புகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் டிவி பக்கத்துக் கேபிளில்தான் வரும். செட்-டாப் பாக்ஸுக்கு வரும் கறுப்பு ஒயர் மொட்டை மாடியிலிருந்தோ பக்கத்து பில்டிங்கிலிருந்தோ வருகிறது, அதன் கூடவே வேறொரு எர்த்தும் வருகிறது. உங்கள் ஆம்ப் எர்த் ஒன்று, கேபிள்காரர் எர்த் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஓடும் கரண்ட்தான் உறுமுகிறது. அந்தக் கறுப்பு ஒயரைக் கழற்றினதும் அமைதியானால் ஊர்ஜிதம். டிவியிலிருந்து ஆம்ப்புக்கு ஆப்டிகல் கேபிள் போட்டால் தீர்ந்தது, ஒளியில் எர்த் போகாது. ஆப்டிகல் வசதி இல்லாத ஆம்ப் என்றால் நடுவில் வைக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கிடைக்கிறது, உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்.

ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் உறுமல் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். நிற்கும்தான். ஆம்ப்புக்குள் ஏதாவது ஒயர் பிய்ந்து பெட்டியைத் தொடும் நாளில் அந்தப் பெட்டி 230 வோல்ட்டில் இருக்கும். செய்யவே செய்யாதீர்கள்.

லேப்டாப் சார்ஜர் சொருகினா மட்டும் 'ஜ்ஜ்'ங்குது, எடுத்தா நின்னுடுது.

மேலே சொன்ன அதே வியாதி, இங்கே சார்ஜர் வழியாக. அதே ஐசொலேட்டர் கேட்கும். அவசரத்துக்கு பேட்டரியில் ஓட்டுங்கள்.

அப்பாவோட பழைய ஆம்ப் இருக்கு. பின்னாடி வட்டமா அஞ்சு ஓட்டை. அதுல போனை எப்படிச் சேர்க்கறது?

சோனோடைன், பிலிப்ஸ் காலத்து சாமான். சோர் பஜாரில் இன்றும் கிடைக்கும். அந்த ஐந்து ஓட்டைக்கு டின் சாக்கெட் என்று பெயர். 'டேப்' என்று எழுதிய சாக்கெட்டைப் பாருங்கள்: நடுவில் இருக்கும் 2-ஆம் பின் கிரவுண்ட், 3-ம் 5-ம் ஆம்ப்புக்குள் போகும் ஒலி, 1-ம் 4-ம் ரெக்கார்டிங்குக்காக வெளியே வருவது. கடையில் வாங்கும் டின்-ஆர்சிஏ கேபிளில் சத்தமே வரவில்லை என்றால் 1, 4-இல் இணைத்த கேபிளைத் தந்திருப்பார்கள். ஆம்ப் நன்றாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். 3, 5-இல் மாற்றிப் பற்றவைக்கச் சொல்லுங்கள்.

ரெக்கார்ட் பிளேயர் வாங்கினேன். கேபிள் குட்டையா இருக்கு, 3 மீட்டர் போடலாமா?

இந்த ஒரு இடத்தில்தான் ஆர்சிஏ கேபிளைப் பற்றி நான் கறாராக இருப்பேன். கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் குணம், உண்டு. ஆம்ப்புக்கு வரும் மற்ற எல்லாக் கேபிளிலும் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். ரெக்கார்ட் பிளேயரின் மூவிங் மேக்னட் ஊசி (உள்ளே குட்டிக் காந்தம் அசையும் வகை) மட்டும் அதைக் கண்டுகொள்ளும், ஏறினால் உயர்ந்த ஸ்வரங்களின் குணமே மாறும். ஒரு மீட்டர், ஒன்றேகாலுக்குள் வைத்துக்கொண்டு பிளேயரை ஆம்ப் பக்கம் நகர்த்துங்கள். பின்னால் தொங்கும் தனி ஒயரை ஆம்ப்பின் கிரவுண்ட் திருகில் மாட்ட மறக்காதீர்கள், மறந்தால் தம்புரா.

கேபிள்ல அம்புக்குறி போட்டிருக்கே, திருப்பிப் போட்டா கெட்டுப்போகுமா?

ஸ்பீக்கர் ஒயரில் அம்புக்கு அர்த்தமே இல்லை, அதில் ஓடுவது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறும் கரண்ட். சில ஆர்சிஏ கேபிள்களில் மட்டும் வெளி வலையை ஒரு முனையில்தான் இணைத்திருப்பார்கள், அதற்காக அம்பு. போட்டபடி மாட்டுங்கள்.

நீங்க என்ன கணக்குப் போட்டாலும் சரி, 15,000 ரூபாய் கேபிள் மாட்டினதும் எனக்கு வித்தியாசம் தெரிஞ்சுது சார்.

தெரிந்திருக்கும், பொய் என்று சொல்லமாட்டேன். பழைய கேபிளைக் கழற்றிப் புதிதை மாட்டியபோது அழுக்கான நுனி போய் சுத்தமான நுனி வந்ததே, அது பாதிக் காரணமாக இருக்கலாம். மீதி, செலவழித்த காது.

நம்பிக்கை இருந்தால் ஒரு விளையாட்டு ஆடுங்கள். மனைவியோ மகனோ உங்களுக்குத் தெரியாமல் கேபிளை மாற்றட்டும், சில முறை மாற்றாமல் மாற்றியது போலப் பாசாங்கும் செய்யட்டும். வால்யூமைத் தொடக்கூடாது. 12 முறையில் எத்தனை சரி என்று எழுதுங்கள். 10க்கு மேல் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வந்து கேட்கிறேன். இதுவரை ஒருவர் கூப்பிட்டார். அவருக்கு 7.

இவ்வளவு பேசறீங்களே, உங்க வீட்ல என்ன ஒயர்?

வலது ஸ்பீக்கருக்கு 1.5 வீட்டு ஒயர், சிவப்பும் கறுப்பும். இடது ஸ்பீக்கருக்கு சிவப்பும் பச்சையும், அன்றைக்குக் கடையில் கறுப்பு தீர்ந்திருந்தது. பச்சையில் டேப் ஒட்டி 'கறுப்பு' என்று எழுதியிருக்கிறேன்.